“சரி” என்று ஒரு வார்த்தை

சித்தி வீடு வாங்கிய கதையை எழுதும்படி சித்தியே உத்தரவு போட்டுவிட்டாள். “என் பேரைப் போடாதே. ஆனால் விஷயத்தை விடாதே. என்னைப் போல் எத்தனை பேர் வாக்கு, வாக்கு என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ!” என்றாள். ஆகவே இந்த வாரம் இந்தப் பக்கத்தில் கைவைத்தியமும் இல்லை, கைவேலையும் இல்லை. வீட்டு பேரம்!

சித்தி கொரட்டூரில் இருபத்திரண்டு வருஷம் வாடகைக்குக் குடியிருந்தவள். மூன்று வீட்டுக்காரர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்; ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் மோட்டார் போடக் கூடாது என்பார்; மூன்றாமவர் ஒன்றும் சொல்ல மாட்டார், வருஷா வருஷம் வாடகையை மட்டும் ஏற்றிவிடுவார். சித்தப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிராவிடண்டு பண்டு கைக்கு வந்தது. உடனே சித்தி, “இந்தப் பணம் பாங்கியில் தூங்க வேண்டாம். நாம்தான் நம் வீட்டில் தூங்க வேண்டும்” என்று சொல்லிவிட்டாள்.

திருமுல்லைவாயலில் ஒரு வீடு அகப்பட்டது. அரைக் கிரவுண்டு மனை. கிணறு உண்டு, கொல்லையில் முருங்கை மரம் உண்டு. மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சித்திக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மனத்துக்குள் அங்கே கோலமே போட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் பெரியவர். 72 லட்சம் கேட்டார். சித்தப்பா, “66 தருகிறேன்” என்றார். பெரியவர் சிரித்துவிட்டு, “70க்குக் குறைந்து கொடுக்க மாட்டேன், ஸார்” என்றார். “வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்” என்று எழுந்து வந்தார் சித்தப்பா.

கலந்துகொள்ள மூன்று நாள் ஆயிற்று. சித்தி நகையை எடைபோட்டுப் பார்த்தாள். சீட்டுப் பணத்தைக் கணக்குப் பார்த்தாள். பெங்களூரில் இருக்கும் பிள்ளையைக் கேட்டாள். நாலாம் நாள் காலை, நல்ல நேரம் பார்த்து சித்தப்பா டெலிபோன் செய்தார். “சரி ஐயா, 70க்கே முடித்துக்கொள்வோம்.”

மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, “மன்னிக்கணும் ஸார். நேற்றுச் சாயந்திரம் இன்னொருத்தர் 71 என்று சொல்லி அச்சாரமும் கொடுத்துவிட்டார்” என்றார் பெரியவர்.

அன்றைக்குத்தான் சித்தி என்னைக் கூப்பிட்டாள். “ஏண்டி, நீ பத்திரிகைக்காரிதானே? 70 என்று அவர் வாயால் சொன்னாரா, இல்லையா? நாங்கள் சரி என்று சொன்னோமா, இல்லையா? சொன்ன வாக்கை மாற்றுகிறவரைக் கோர்ட்டில் நிறுத்தலாமா, கூடாதா?”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்கள் சித்தியின் வழக்கை சுப்ரீம் கோர்ட்டு எப்போதோ தீர்த்துவிட்டது, அம்மா. 1951லேயே!” என்றார். நான் திடுக்கிட்டேன். 1951ல் சித்தி பிறக்கவே இல்லையே!

*

அந்த வழக்கு குடகு நாட்டு வழக்கு. மெர்க்காராவில், இப்போது மடிக்கேரி என்கிறோமே அந்த மலையூரில், ‘மார்வெர்ன் லாட்ஜ்’ என்று ஒரு பங்களா. சொந்தக்காரர் கர்னல் மக்பெர்சன் என்ற வெள்ளைக்காரர். அதை வாங்க ஆசைப்பட்டவர் அப்பண்ணா என்பவர். சொந்தக்காரர் வெளியில் இருந்ததால் பேச்செல்லாம் கடிதத்திலும் தந்தியிலும் நடந்தது. தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டபோது, கர்னலிடமிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து ஏற்க மாட்டேன் என்று பதில் தந்தி வந்தது. அப்பண்ணா, “அப்படியானால் பத்தாயிரத்துக்கு எனக்குச் சம்மதம்” என்று எழுதினார். முடிந்தது என்றுதானே யாரும் நினைப்போம்? அதற்குள் இன்னொருவர் பதினோராயிரம் என்று வந்தார். பங்களா அவருக்குப் போயிற்று. பத்தாயிரம், பதினோராயிரம், இங்கே 70, 71. அச்சு அசல் நம் சித்தி கதைதான்!

அப்பண்ணா கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை வந்தது. அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? பத்தாயிரத்துக்குக் குறைந்து ஏற்க மாட்டேன் என்பது, பத்தாயிரத்துக்கு உனக்கே தருகிறேன் என்று சொன்னதாகாது. ‘அந்த அளவுக்குக் கீழே வந்தால் பேச்சே இல்லை, அதற்கு மேல் வந்தால் பார்க்கலாம்’ என்று அழைப்பு விட்ட மாதிரிதான். ஆகவே அப்பண்ணா பத்தாயிரத்துக்குச் சம்மதம் என்று எழுதியதுதான் முதல் முதலாக வைத்த கோரிக்கை. அதற்கு கர்னல் சரி சொல்லவே இல்லை. சரி சொல்லாத இடத்தில் ஒப்பந்தம் ஏது?

சித்தியிடம் இதைச் சொன்னேன். “இது என்னடி வழக்கு? கத்தரிக்காய்க்காரி முப்பதுக்குக் குறையாது என்றால், முப்பதை நீட்டினால் கொடுக்கத்தானே வேண்டும்?” என்றாள்.

கொடுப்பாள்தான். அது தெரு மரியாதை. ஆனால் வீடு விஷயத்தில் கோர்ட்டு தேடுவது வேறு. ஒருவர் இந்தச் சொத்தை, இந்த விலைக்கு, உங்களுக்குத் தருகிறேன் என்று கட்டுப்படும் எண்ணத்துடன் சொல்லியிருக்க வேண்டும். இன்னொருவர் அதை அப்படியே, ஒரு பொட்டுக்கூட மாற்றாமல் ஏற்றிருக்க வேண்டும். நமக்கெல்லாம் புரிகிற மாதிரி சொன்னால், ‘பெண்ணுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் கூடாது’ என்று பிள்ளை வீட்டார் தரகரிடம் சொல்வது சம்பந்தம் ஆகிவிடுமா? தட்டு மாற்றினால்தானே நிச்சயதார்த்தம்!

*

இந்தச் சட்டம் பழையது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றும் அதுதான் நடக்கிறது. அதில் ஏழாவது பிரிவுதான் நமக்கு முக்கியம். சம்மதம் என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது அது. ‘சரி’ சொல்லலாம். ‘சரி, ஆனால்’ சொன்னால் அது சம்மதம் அல்ல. அது புதுக் கோரிக்கை. எதிர்க் கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதைச் சொன்ன அந்தக் கணமே பழைய கோரிக்கை செத்துப்போகிறது. நாம் விரும்பும்போது தட்டி எழுப்ப முடியாது.

இதற்கு இங்கிலாந்தில் 1840ல் நடந்த ஒரு பண்ணை வழக்கைத்தான் வக்கீல்கள் இன்றும் சொல்கிறார்கள். ரென்ச் என்பவர் கென்ட் ஜில்லாவில் தம் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருகிறேன் என்றார். ஹைட் என்பவர் 950 என்றார். ரென்ச் முடியாது என்று விட்டார். உடனே ஹைட், “அப்படியானால் 1,000க்கே சரி” என்றார். ரென்ச் விற்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டு ரென்ச் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 950 என்று வாயெடுத்தபோதே 1,000 என்ற கதவு சாத்தியாயிற்றாம். மறுபடி திறக்க வேண்டுமானால் திறக்க வேண்டியவர் ரென்ச்.

பேரம் பேசாமல் வீடு வாங்க முடியுமா? பேச வேண்டியதுதான். ஆனால் கேட்கிற தோரணை ஒன்று உண்டு. வைக்கிற தோரணை ஒன்று உண்டு. “மாடி இன்வெர்ட்டரையும் விட்டுவிட்டுப் போவீர்களா?” என்று கேட்டால் அது வெறும் விசாரிப்பு. “இன்வெர்ட்டரை விட்டால்தான் வாங்குவேன்” என்றால் அது எதிர்க் கோரிக்கை. 1880ல் இரும்பு வியாபாரம் ஒன்றில், பணத்தைத் தவணையில் தரலாமா என்று கேட்டவரை, அது விசாரிப்புதான், கோரிக்கையைத் தள்ளியதாகாது என்று இங்கிலாந்துக் கோர்ட்டு காப்பாற்றியிருக்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது சொல்லித்தர வேண்டிய கலையே அல்ல. புடவைக் கடையில், “இதிலேயே மயில் கழுத்து நிறம் இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே கையில் பிடித்த புடவையை விடாமல் இருக்கிறோமே, அதே வித்தைதான்.

இன்னொன்று. “ஞாயிற்றுக்கிழமை வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன்” என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். நீங்கள் சரி சொல்வதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் அவர் தம் கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமையே கூட! காத்திருப்பதற்காக ஏதாவது தொகை வாங்கிக்கொண்டிருந்தால்தான் அந்த வாக்குக்குத் தனி பலம். கெடு தாண்டிவிட்டாலோ, கெடுவே சொல்லாமல் நியாயமான காலம் கடந்துவிட்டாலோ, கோரிக்கை தானாகவே போய்விடும்.

*

‘வாய்ப் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்டு. அதிலேதான் சிக்கலும் உண்டு.

1965ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு டெலிபோன் வழக்கு வந்தது. சரக்கு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. காம்காவிலிருந்து ஒருவரும் ஆமதாபாத்திலிருந்து ஒருவரும் டெலிபோனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் எந்த ஊரில் உண்டாயிற்று என்பதுதான் தகராறு. டெலிபோனில் சம்மதம் எந்தக் காதில் விழுந்ததோ அந்த ஊரில் என்று கோர்ட்டு சொன்னது. கடிதம் என்றால் கணக்கு வேறே. சரி என்று எழுதித் தபாலில் சேர்த்த அந்தக் கணமே கோரிக்கை வைத்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். எழுதியவரோ, கடிதம் போய்ச் சேரும் வரை மனம் மாறலாம். கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஈமெயில் வந்துவிட்டது, வாட்ஸப் வந்துவிட்டது. மின்னஞ்சலில் பேசி முடித்த வியாபாரம் செல்லும் என்று 2010ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே கட்டை விரலை உயர்த்திய பொம்மையை அனுப்புமுன் இரண்டு தரம் யோசியுங்கள். அவசரத்தில் அனுப்பிவிட்டு, ‘நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் அனுப்பினேன்’ என்று பிறகு சொல்லிப் பயனில்லாமல் போகலாம்.

வீடு, மனை விஷயத்தில் வாய்ப் பேரம் ஒப்பந்தமே ஆகாது என்று சட்டம் சொல்லவில்லை. பிறகு தஸ்தாவேஜு எழுதிக்கொள்ளலாம் என்று பேசியிருந்தாலும், விலை முதலான முக்கிய சங்கதிகளெல்லாம் முடிந்துவிட்டால் அது கட்டுப்படுத்தும் என்று 1968ல் ஓர் ஆந்திர வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. ஆனால் வாய்ப் பேச்சை நிரூபிக்கிற பாரம் யார் தலையில்? பேச்சு நடந்தது என்று சொல்லுகிறவர் தலையில். தரகர் சாட்சி சொல்வார் என்கிறீர்களா? அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் வேண்டுமே!

ஆகவே எழுத்துதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. 2012 டிசம்பர் 1 முதல், கிரய ஒப்பந்தம் எழுதினால் அதை ரிஜிஸ்தர் செய்தே தீர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பத்திரத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, பீரோவில் வைத்துக்கொள்ளும் காலம் போயிற்று. ரிஜிஸ்தர் ஆன ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்து வருகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உங்கள் பேர் அங்கே பளிச்சென்று நிற்கும். 71 லட்சக்காரர் அதற்கு மேல் துணிய மாட்டார்.

ரிஜிஸ்தர் செய்யாமல் விட்டவர்கள் கதி? அவர்கள் ஒரேயடியாக மோசம் போய்விட்டார்கள் என்று எண்ணவேண்டாம். ஹேமலதா – கஸ்தூரி வழக்கு என்று நம் ஊர் வழக்கு ஒன்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு என்று கேட்கிற வழக்கில், ரிஜிஸ்தர் ஆகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகக் காட்டலாம் என்றது தீர்ப்பு. காட்டலாம், அவ்வளவுதான். வழக்கு நடத்த வேண்டுமே! வக்கீல் பீஸ் இருக்கிறது, வாய்தா இருக்கிறது, அதற்குள் வயதும் ஏறிவிடுகிறது.

வயது என்றதும் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று நினைவுக்கு வருகிறது. பூந்தமல்லி சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் செட்டியார் அகரம். இன்றைக்கு அந்தப் பக்கம் மெட்ரோ ரெயில் தூணும் அடுக்கு மாடியுமாக இருக்கிறது. அங்கே இருந்த விவசாய நிலத்துக்கு 1981 ஜனவரியில் ஒரு கிரய ஒப்பந்தம் எழுதினார்கள். விலை 3,75,000 ரூபாய். ஒரு லட்சம் முன்பணம். பாக்கிக்குத் தவணை நாட்கள் குறித்தார்கள். வாங்குகிறவர் தவணையில் தவறினார். விற்கிறவர் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தார். வழக்கு வளர்ந்து வளர்ந்து, 2011 ஜூலையில்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. முப்பது வருஷம்! தீர்ப்பு வாங்கியவருக்குச் சாதகமாக இல்லை. கிரயப் பத்திரம் எழுதுவதில் நாள் முன்பின் ஆகலாம், ஆனால் பணத்துக்கு நாள் குறித்திருந்தால் அந்த நாள் நாள்தான் என்றார்கள். அந்தக் காலத்தில் நிலத்தின் விலை ஆடாமல் அசையாமல் இருந்தது. அப்போது எழுந்த கொள்கையை, விலை விஷம் போல் ஏறுகிற இந்தக் காலத்தில் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

மதுரையில் ஒரு வீட்டுக்கும் இதே கதை. 1978ல் 60,000 ரூபாய்க்குப் பேசி 5,000 அச்சாரம் கொடுத்தவர், ஆறு மாதக் கெடுவை விட்டுவிட்டு இரண்டரை வருஷம் சும்மா இருந்தார். வீட்டு விலை மூன்று மடங்கு ஆன பிறகு, ‘கிரயம் செய்து கொடு’ என்று வந்தார். 1997ல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. கட்டுப்படுவது ஒரு பக்கம் மட்டும் அல்லவே! ‘நான் தயாராக இருந்தேன், பணமும் தயாராக இருந்தது’ என்று வாங்குகிறவர் காட்ட வேண்டும். விற்கிறவர் மறுத்தால் வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதையும் கடைசி நாள் வரை இழுக்கக் கூடாது என்பதுதான் மதுரைக்காரர் கதை.

*

சித்தி கதைக்கு வருவோம். திருமுல்லைவாயல் வீடு போனதும் ஒரு வாரம் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. முருங்கைக்காய் சாம்பார் வைப்பதையே நிறுத்திவிட்டாள். எட்டாம் நாள் ஆவடியிலிருந்து தரகர் வந்தார். காமராஜ் நகரில் ஒரு வீடு. முருங்கை இல்லை, ஆனால் இரண்டு தென்னை. 69 லட்சம்.

இந்தத் தடவை பேச்சைச் சித்தியே எடுத்துக்கொண்டாள். “இவரைப் பேசவிட்டால் மறுபடியும் மூன்று நாள் கலந்துகொள்வார்” என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

விற்கிறவர் நடுவயதுக்காரர், அப்பா கட்டிய வீடு. சித்தி கேட்ட முதல் கேள்வியிலேயே அவர் அயர்ந்துவிட்டார்.

“அப்பா உயில் எழுதி வைத்தாரா, தம்பி?”

“இல்லைங்கம்மா.”

“கூடப்பிறந்தவர்கள்?”

“ஒரு தங்கச்சி. கோயமுத்தூரில் இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லீங்க. நான் சொன்னால் சரிதான்.”

“அம்மா?”

“இருக்காங்க. உள்ளேதான் படுத்திருக்காங்க.”

உயில் இல்லாமல் தகப்பனார் போய்விட்டால், 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி அவருடைய சொத்தில் மனைவிக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சமபங்கு. பிள்ளையின் ‘சரி’ பிள்ளையின் பங்கைத்தான் கட்டுப்படுத்தும். தங்கையின் பங்குக்குத் தங்கைதான் சரி சொல்ல வேண்டும். அம்மாவின் பங்குக்கு அம்மா. ஆட்சேபம் இல்லை என்று அண்ணன் சொல்வது தங்கை சொன்னதாகாது. இதை நான் சித்திக்குச் சொல்லித்தரவில்லை. அவள் தகப்பனார் சொத்தில் அண்ணன்மார் இவளைக் கேட்காமலே பேசி முடித்ததை அவள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

“தங்கச்சி நம்பர் கொடு, தம்பி. நான் பேசுகிறேன்” என்றாள்.

கோயமுத்தூர்ப் பெண் டெலிபோனில் சற்றுத் தயங்கியிருக்கிறாள். பிறகு, “விலை எவ்வளவு என்று அண்ணன் எனக்குச் சொல்லவில்லை, அக்கா” என்றாளாம். சித்தி சொன்னாள், 69 என்று. மறுமுனையில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அண்ணன் அவளிடம் என்ன தொகை சொல்லியிருந்தார் என்று சித்தி கேட்கவும் இல்லை. எனக்குச் சொல்லவும் இல்லை. அடுத்த வாரமே அந்தப் பெண் ரயில் ஏறி வந்துவிட்டாள்.

பேரம் அதன் பிறகுதான் நடந்தது. சித்தி 67 என்றாள். அண்ணனும் தங்கையும் அம்மாவும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, “68. மோட்டார், மின்விசிறி எல்லாம் அப்படியே விட்டுவிடுகிறோம். மூன்று மாதத்தில் கிரயம்” என்றார்கள். சித்திக்கு நாக்கு நுனியில் ஓர் ‘ஆனால்’ வந்ததாம். சமையலறை அலமாரிக்குக் கதவு போட்டுத் தரச் சொல்லலாம் என்று. மெர்க்காரா நினைவுக்கு வந்ததாம். விழுங்கிவிட்டு, “சரி” என்று மட்டும் சொன்னாள். அந்த இடத்திலேயே ஒரு தாளில் சொத்து விவரம், விலை, சாமான், கெடு, இன்னார் விற்கிறார்கள், இன்னார் வாங்குகிறார்கள் என்று எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். அதற்கு மறு நாளே ஆவடி ரிஜிஸ்திரார் ஆபீசில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தாள்.

அச்சாரத் தொகையைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்க வாதம் நடந்தது. அவர்கள் பத்து லட்சம் கேட்டார்கள். கிரயம் முடியாமல் போய், தவறு வாங்குகிறவருடையது என்றால், அச்சாரம் பறிபோகும் என்று எழுதியிருந்தால் போகத்தான் போகும். 2012ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் உறுதிக்காகக் கொடுத்த அச்சாரம் வேறு, விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்த பணம் வேறு. இரண்டாவதைப் பறிக்க முடியாது. சித்தி இரண்டையும் பிரித்தே எழுதச் சொன்னாள். இரண்டு லட்சம் அச்சாரம். மீதி எட்டு விலையில் ஒரு பகுதி. பாங்கிக் கடன் கிடைக்காமல் போனால் முழுப் பணமும் பதினைந்து நாளில் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி. இந்த வரியைப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடன் மறுக்கப்பட்டு, அச்சாரத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

கம்பெனியிடம் பிளாட்டு வாங்குகிறவர்களுக்கு வேறு விதி. 2016ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி ரிஜிஸ்தர் செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ‘புக்கிங், புக்கிங்’ என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் இதை மெல்ல எடுத்துச் சொல்லிப் பாருங்கள். நாற்காலி போட்டுக் காப்பி தருவார்கள்.

வீடு சித்தி பேரில்தான். பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு அரசு சலுகை கொடுத்திருக்கிறதே என்று நானும் ஆசையோடு சொன்னேன். பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்குத்தான் அந்தச் சலுகை என்று தெரிந்ததும் சித்தி, “பத்து லட்சத்துக்கு ஆவடியில் கோழிக் கூண்டுகூடக் கிடைக்காதேடி” என்றாள்.

கிரயம் ஆயிற்று. பால் காய்ச்சினார்கள். நான் போயிருந்தேன். கோயமுத்தூர்ப் பெண்ணும் வந்திருந்தாள். தன் அப்பா நட்ட தென்னையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் கொல்லையில் நின்றாள். சித்தி அவளுக்கு வெற்றிலை பாக்குடன் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். சமையலறை அலமாரிக்கு மட்டும் இன்னும் கதவு போடவில்லை. தச்சர் எட்டாயிரம் கேட்கிறாராம். சித்தி ஏழு என்கிறாள். “ஏழரைக்குக் குறைய முடியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.